கோட்டுக்கு இரண்டு சென்ரிமீற்றர் பின்னால்

ஹனோவர்
08.01.2006

ஜெசிந்தனுக்கு,

நீங்கள் என்னைவிட நான்கு வயது மூத்தவர். வேறு யாராக இருந்தாலும் 'அண்ணா' என்றுதான் கடிதத்தைத் தொடங்கியிருப்பேன். ஆனால் நம் இரண்டு வீட்டாரும் பேசிக்கொண்டிருக்கிற காரியத்தில் அந்த ஒரு சொல் விழுந்தால், பேச்சைத் தொடங்கிவைத்த சிசிலி மாமிக்கு நெஞ்சுவலி வந்துவிடும். ஆகவே வெறும் பெயர். மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம்.

நான் நடாலி. ஓகஸ்ட் மாதம் கெவலார் மாதா திருவிழாவில், மெழுகுதிரி விற்கிற இடத்தில் நின்று பத்து நிமிடம் கதைத்தோம். உண்மையில் அதில் பெரும்பகுதி உங்கள் அம்மாவும் என் அம்மாவும்தான் கதைத்தார்கள். கிடைத்த இடைவெளியில் நீங்கள் ஸ்கீ திருத்துகிற பட்டறையில் வேலை என்றீர்கள். உடனே உங்கள் அம்மா, "தம்பி அங்க மனேஜர் மாதிரி" என்றார். விலாசத்தைத் திரிப் பெட்டியின் மூடியில் எழுதித் தந்தீர்கள்.

உயிர்த்த ஞாயிறுக்குள் நான் ஓம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டுமாம். பத்து நிமிடத்தை வைத்துக்கொண்டு எதைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இன்று எழுதுவது அதற்காக அல்ல.

என்னோடு வேலை செய்கிற தாதிமார் சில வருடங்களாக என்னை ஹார்ட்ஸ் மலைக்குப் பனிச்சறுக்க இழுத்துக்கொண்டு போகிறார்கள். இப்போது நானே அவர்களை இழுக்கிறேன். போன கிழமை மலிவு விற்பனையில் ஒரு சோடி ஸ்கீ வாங்கினேன். தூள்பனியில் ஓடுவதற்கானது, நடுவிலேயே ஒன்பது சென்ரிமீற்றர் அகலம். அம்மா பார்த்துவிட்டு, "இதென்ன, மேசைக்குப் பலகையோ?" என்று கேட்டார்.

அம்மா கேட்டதிலும் பிழையில்லை. இப்போதைக்கு அது வெறும் பலகைதான். சப்பாத்தைப் பிடித்து வைக்கிற பூட்டு, இவர்கள் பிண்டுங் என்பது, இன்னும் போடவில்லை. விற்றவர் நடுக்கோட்டில் போடச் சொல்கிறார். அவருடைய மனைவி, பெண்களுக்கு ஒரு சென்ரிமீற்றர் முன்னால் என்கிறார். இணையத்தில் ஒருவர் பின்னால் தள்ளச் சொல்கிறார். எந்தப் பூட்டு, எந்த இடம்? நீங்கள் சொல்லுங்கள்.

தொலைபேசியில் கேட்டிருக்கலாம். ஆனால் நான் "ஹலோ" என்றதும் அம்மாவுக்குப் பக்கத்து அலுமாரியில் உடுப்பு மடிக்க வேண்டி வந்துவிடும்.

நடாலி

சொன்ட்ஹோபன்
16.01.2006

நடாலிக்கு,

கடிதம் கிடைத்தது. பதில் எழுதச் சில நாள் எடுத்ததற்கு மன்னிக்கவும். தமிழில் இவ்வளவு எழுதிக் கனகாலம்.

அம்மா சொன்ன 'மனேஜர் மாதிரி'யில் மனேஜரும் இல்லை, மாதிரியும் இல்லை. கடையின் பின்பக்கத்தில் விளிம்பு தீட்டுகிறேன், மெழுகு பூசுகிறேன், பூட்டுப் போடுகிறேன். அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்த நாளிலிருந்து இதுதான் தொழில். விருப்பத்தோடு செய்கிறேன். சிசிலி மாமி உங்கள் வீட்டில் வேறு ஏதாவது சொல்லியிருந்தால் இதைச் சரியென்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி ஸ்கீ. நடுவில் ஒரு சின்னக் கோடு இருக்கும். சப்பாத்தின் நடு அதன்மேல் வந்தால், செய்தவர்கள் நினைத்தபடி ஓடும். முன்னால் வைத்தால் கெதியாகத் திரும்பும், ஆனால் ஆழமான பனியில் பலகையின் மூக்குப் புதையும். பின்னால் வைத்தால் மூக்கு மேலே மிதக்கும், ஆனால் நெருக்கமான மரங்களுக்குள் சட்டென்று திரும்பாது. மூன்றும் சரிதான். ஓடுகிற ஆளைப் பொறுத்தது.

பூட்டுகளிலும் பல வகை. பாரம் குறைந்தது ஒன்று. அது பனியைச் சமன்செய்த பாதைக்குப் போதும், உங்கள் ஸ்கீக்குப் போதாது. குதியை விடுவித்து மலையேறக்கூடியது ஒன்று. ஏறுவதில் ஆசை இருந்தால் மட்டும். நான் சொல்வது நடுவில் உள்ள பலமான வகை. அகலமான பலகைக்கு அகலமான பிரேக் அதில்தான் வரும்.

நீங்கள் எங்கே ஓடுகிறீர்கள்? திறந்த சரிவிலா, மரங்களுக்குள்ளா? விழுந்தால் முன்னால் விழுகிறீர்களா, பின்னாலா? இதை எழுதுங்கள். துளைத்த இடத்தை ஒட்டி மறுபடி துளைக்க முடியாது, பலகை பலம் இழந்துவிடும். அதனால் அவசரப்பட வேண்டாம்.

ஜெசிந்தன்

ஹனோவர்
23.01.2006

ஜெசிந்தனுக்கு,

விழுந்தால் முன்னாலா பின்னாலா என்று இதுவரை என்னை ஒருவரும் கேட்டதில்லை. பஸ்ஸில் வாசித்துவிட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் இடம் மாறி இருந்துவிட்டார்.

முன்னால்தான். போன வருடம் மூக்குப் புதைந்து தலைகுப்புறப் போனேன். வாய் நிறையப் பனி. மூச்சு எடுக்க முடியாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தை இன்னும் மறக்கவில்லை. ஓடுவது ஹார்ட்ஸில், வூர்ம்பெர்க்கின் மரங்களுக்குள். அங்கே திரும்புவது கஷ்டம் என்று நீங்கள் சொல்வீர்கள். தெரியும். இருந்தாலும் கோட்டுக்கு இரண்டு சென்ரிமீற்றர் பின்னால் வையுங்கள். பூட்டு நீங்கள் சொன்ன பலமான வகை.

ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். என் விஷயங்கள் எல்லாவற்றையும் யாராவது ஒருவர் கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால் நகர்த்தித் தருகிறார்கள். எந்தச் சேலை, எந்தப் பாடம், எந்த வயதில் கலியாணம் என்று. இந்தப் பலகையில் என்றாலும் நான் சொன்ன இடத்தில் துளை விழட்டும்.

ஸ்கீயையும் சப்பாத்தையும் பார்சலில் அனுப்புகிறேன். தபாற்கந்தோருக்கு அம்மாவும் வந்தார். பெட்டியில் உங்கள் பெயரைப் பார்த்துவிட்டு, "சீதனத்தை இப்பவே அனுப்புறியோ?" என்று கேட்டார். பகிடியா, கவலையா என்று தெரியவில்லை.

நடாலி

சொன்ட்ஹோபன்
03.02.2006

நடாலிக்கு,

பூட்டுப் போட்டுப் பார்சலும் அனுப்பியாயிற்று. இரண்டு சென்ரிமீற்றர் பின்னால். என்னைக் கேட்டால், அந்த மரங்களுக்கு ஒன்று போதும் என்பேன். இரண்டில் நீங்கள் திருப்பத்தை முன்கூட்டியே தொடங்க வேண்டி வரும். ஆனால் காலும் உங்களுடையது, பயமும் உங்களுடையது. நீங்கள் சொன்ன இடத்திலேயே துளைத்தேன்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. விழும்போது பூட்டுத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் முழங்கால் போய்விடும். ஓடும்போது திறக்கவும் கூடாது. அதற்கு ஓர் இலக்கம் வைக்க வேண்டும். ஆளின் உயரம், எடை, வயது, சப்பாத்தின் நீளம் எல்லாம் பார்த்து அட்டவணைப்படி வைப்பது. சப்பாத்து என் கையில் இருந்தது. மற்ற விவரங்களை அம்மா மூலம் எடுத்து வைத்துவிட்டேன்.

அம்மா உல்மில் இருந்து அடிக்கடி தொலைபேசி எடுக்கிறார். "பிள்ளை என்ன சொல்லுது?" என்று கேட்டார். "ஸ்கீயைப் பற்றித்தான் எழுதுறம்" என்றேன். "எனக்கு விசர் எண்டு நினைச்சியோ?" என்று வைத்துவிட்டார்.

நல்ல பனி கிடைக்கட்டும். எப்படி ஓடியது என்று எழுதுங்கள். நான் காத்திருப்பேன்.

ஜெசிந்தன்

ஹனோவர்
20.02.2006

ஜெசிந்தனுக்கு,

எப்படி ஓடியது என்று கேட்டீர்கள். ஓடவில்லை.

சனிக்கிழமை முழங்கால் அளவு புதுப்பனி. முதல் இரண்டு திருப்பமும் எவ்வளவு வடிவாக வந்தன தெரியுமா, மூக்கு மேலேயே நின்றது. மூன்றாவதில் வலது பூட்டுத் தானாகத் திறந்தது. நான் விழவில்லை, எதிலும் முட்டவில்லை, சும்மா திறந்தது. பிறகுதான் விழுந்தேன். விழுந்த இடத்தில் மற்றதும் கழன்று பனிக்குள் போய்விட்டது. கூட வந்த தாதிமாரும் நானுமாக நான்கு பேர் தடிகளால் பனியைக் குத்திக் குத்தித் தேடினோம். ஸ்கீ கிடைத்தது. என் தோள்மூட்டு நீலமாகிவிட்டது.

வலி பெரிதில்லை. வீட்டில் நடப்பதுதான் பெரிது. சிசிலி மாமி வந்து தோளைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைப் பொடியன் போட்ட பூட்டிலயே பிள்ளை விழுந்திட்டுது. எனக்கெண்டால் இது நல்லதாப் படேல்லை" என்றார். பேச்சைக் கொண்டுவந்தவரே இப்படிச் சொன்னால் அம்மா என்ன செய்வார்? உங்கள் வீட்டுக்கு எடுத்து, "யோசிச்சுச் சொல்லுறம்" என்றுவிட்டார். நம் ஆட்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றால் அதன் அர்த்தம் உங்களுக்கும் தெரியும்.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு உங்கள் மேலும் கோபம், அவர்கள் மேலும் கோபம். இல்லை என்று முடிவதாக இருந்தால் அதை நான் சொல்ல வேண்டும். ஒரு விழுகை சொல்லக் கூடாது.

ஆகவே நேராகக் கேட்கிறேன். பூட்டு ஏன் திறந்தது? என்ன கணக்கில் அந்த இலக்கத்தை வைத்தீர்கள்?

நடாலி

சொன்ட்ஹோபன்
24.02.2006

நடாலிக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அன்று வேலையில் ஒன்றும் ஓடவில்லை. தோள் எப்படி? எக்ஸ்ரே எடுத்தீர்களா? தாதிக்கு நான் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

ஐம்பத்திரண்டு கிலோ. அந்தக் கணக்கில்தான் வைத்தேன்.

பட்டறைக்கு யார் வந்தாலும் நான் முதலில் கேட்கிற கேள்வி எடை. மேயர் வந்தாலும் கேட்பேன், கன்னியாஸ்திரி வந்தாலும் கேட்பேன், கேட்டுமிருக்கிறேன். உங்களிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கலியாணம் பேசியிருக்கிற பிள்ளையிடம் எத்தனை கிலோ என்று எப்படி எழுதுவது? அம்மாவிடம் கேட்டேன். அம்மா சிசிலி மாமியிடம் கேட்டார். மாமி உயரம் ஐந்தடி ஐந்து, எடை ஐம்பத்திரண்டு என்றாராம். அட்டவணையைப் பார்த்து வைத்தேன். மாமி கலியாணத்துக்குச் சொன்ன கணக்கைப் போய் மலையில் நம்பியிருக்கிறேன்.

எடை குறைந்தவருக்கு லேசாகத் திறக்கிற இலக்கம்தான் வைப்பது. உங்கள் உண்மையான எடை அதைவிடக் கூட என்றால், பூட்டு ஓடும்போதே திறந்ததற்கு அதுதான் காரணம். பூட்டில் பிழை இல்லை, உங்களிலும் பிழை இல்லை. என்னுடைய வெட்கத்தால் உங்கள் கழுத்து முறிந்திருக்கலாம். நினைக்கவே பயமாக இருக்கிறது.

சரியாக வைக்கும்வரை அதில் ஏற வேண்டாம். அங்கேயே எந்த நல்ல கடையிலும் வைத்துத் தருவார்கள். என்னிடம் தர விருப்பமில்லாவிட்டால் எனக்கு விளங்கும். உங்கள் அம்மாவிடம் நடந்ததை இப்படியே சொல்லுங்கள். பிறகு நீங்கள் இல்லை என்றால் அது உங்கள் பதிலாக இருக்கும்.

இன்னுமொன்று. மாமி என் உயரம் ஐந்தடி ஒன்பது என்று சொல்லியிருப்பார். ஐந்தடி ஆறு. கெவலாரில் சப்பாத்துக்குள் அம்மா ஏதோ வைத்துவிட்டிருந்தார்.

இப்போது கேட்கிறேன். நடாலி, உங்கள் எடை என்ன?

ஜெசிந்தன்

ஹனோவர்
05.03.2006

ஜெசிந்தனுக்கு,

அறுபத்தேழு. வார்டில் நோயாளிகளை நிறுக்கிற தராசில், சாப்பிடாமல்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கன்னியாஸ்திரி வந்த இடத்தில் அம்மா சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததை மறைக்கத் தேத்தண்ணி போடப் போய்விட்டார். மாமியை வரச்சொல்லி, ஐம்பத்திரண்டு எங்கே இருந்து வந்தது என்று கேட்டேன். மாமி கொஞ்சமும் அசையவில்லை. "பிள்ளை, நான் எத்தினை கலியாணம் பேசியிருக்கிறன். எல்லாப் பொம்பிளைப் பிள்ளையளும் ஐம்பத்திரண்டுதான். அதுக்கு மேல சொன்னால் ஆரும் படம் கூடக் கேக்கமாட்டினம்" என்றார். அம்மா வேறு, "நீ பத்தாம் வகுப்பு படிக்கேக்கை அவ்வளவுதானே" என்றார்.

நான் சொன்னேன்: "மாமி, அந்த ஐம்பத்திரண்டு கிலோப் பிள்ளையை ஆராவது கட்டட்டும். நான் அறுபத்தேழு." மாமி அதற்குப் பிறகு சகுனம் கதைக்கவில்லை.

உங்கள் மேல் உள்ள கோபம் முழுதாகப் போகவில்லை. உயரம் பற்றி எழுதியதால் பாதி போனது. மீதிக் கோபம் இதுதான்: என்னைப் பற்றி ஏதாவது தெரிய வேண்டுமென்றால் என்னிடம் கேளுங்கள். உங்கள் அம்மாவிடம் இல்லை, என் அம்மாவிடமும் இல்லை. கேட்டால் சொல்வேன். சொல்ல விருப்பமில்லாவிட்டால் விருப்பமில்லை என்பேன்.

மார்ச் கடைசியில் எனக்கு விடுமுறை. ஸ்கீயோடு அங்கே வருகிறேன். என் கண் முன்னால் இலக்கத்தை வையுங்கள், பிறகு இருவரும் ஓடிப் பார்ப்போம். பதில் சொல்ல முன் பெண் மாப்பிள்ளையின் ஊருக்குப் போவதா என்று வீட்டில் பெரிய சண்டை. கடைசியில் பக்கத்து வீட்டு ரஞ்சினி அக்கா துணைக்கு வருவதாகச் சொல்லி முடித்துவைத்தார். அவருக்கு ஸ்கீ தெரியாது. கேபிள் காரில் ஏறிப் படம் எடுக்க வேண்டுமாம்.

நடாலி

சொன்ட்ஹோபன்
11.03.2006

நடாலிக்கு,

வாருங்கள். பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் உங்கள் இருவருக்கும் அறை சொல்லிவிட்டேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் உல்மில் இருந்து சட்டிபானையோடு வந்து இறங்குவார்.

நேரே கேட்கச் சொன்னீர்கள். கேட்கிறேன். உறைப்பு எவ்வளவு சாப்பிடுவீர்கள்? கோபம் வந்தால் கதைப்பீர்களா, கதைக்காமல் இருப்பீர்களா? கலியாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போக விருப்பமா? எங்கே வாழ விருப்பம்? வேறு யாரையாவது மனதில் வைத்திருக்கிறீர்களா? கடைசிக் கேள்வியை முதலில் எழுதிவிட்டு வெட்டினேன், பிறகு கடைசியில் சேர்த்தேன்.

பதிலை எழுத வேண்டாம். வந்து சொல்லுங்கள்.

ஜெசிந்தன்

சொன்ட்ஹோபன்
29.03.2006

நடாலிக்கு,

நீங்கள் போய் இரண்டு நாளாகிறது. முதலாளி என்னைப் பார்த்து, காய்ச்சலா என்று கேட்கிறார்.

அந்தக் காலையைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைக்கிறேன், எழுத வரவில்லை. நீங்கள் எனக்கு முன்னால் இறங்கினீர்கள். பூட்டு ஒரு தரம்கூடத் தானாகத் திறக்கவில்லை. திறந்த சரிவில் இரண்டு சென்ரிமீற்றர்தான் சரி, நான் சொன்ன ஒன்று அங்கே பிழை. மரங்களுக்குள் நீங்கள் அந்தச் சின்ன மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றபோது, "இந்த இடத்தில நீங்கள் சொன்னது சரி, ஆனால் ஆருக்கும் சொல்லக் கூடாது" என்றீர்கள். யாருக்கும் சொல்லவில்லை. ரஞ்சினி அக்கா எடுத்த படத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

என் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னீர்கள். எங்கே வாழ விருப்பம் என்பதற்கு மட்டும், யோசித்துச் சொல்கிறேன் என்றீர்கள். நம் ஆட்கள் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். அதுதான் தூக்கம் வரவில்லை.

இன்று பட்டறையில் பார்த்தால் உங்கள் ஸ்கீ மூலையில் நிற்கிறது. ரயிலுக்கு ஓடிய அவசரத்தில் விட்டுவிட்டீர்களா? அல்லது இனி ஸ்கீ வேண்டாம் என்று நினைத்தீர்களா? நான் அனுப்பவா? அனுப்ப எனக்கு மனமில்லை, ஆனால் உங்களுடையதை நான் வைத்திருக்கக் கூடாது.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. ஹனோவரில் விசாரித்தேன். அங்கேயும் விளையாட்டுச் சாமான் கடைகளில் திருத்துகிற வேலை இருக்கிறது. மலை இல்லாவிட்டாலும் என்னால் அங்கே இருக்க முடியும். நீங்கள் ஓம் என்றால் நான் வருகிறேன். எனக்கு உங்களோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜெசிந்தன்

ஹனோவர்
09.04.2006, குருத்து ஞாயிறு

ஜெசிந்தனுக்கு,

பதில் எழுதச் சுணங்கியது வேண்டுமென்று இல்லை. ஒரு காரியம் முடியட்டும் என்று இருந்தேன்.

இன்று பூசை முடிந்து எல்லாரும் கையில் குருத்தோலையோடு வெளியே நிற்கிறபோது சிசிலி மாமி வந்து, "என்ன பிள்ளை, இன்னும் ஒரு கிழமைதான் கிடக்கு" என்றார். அம்மா பக்கத்தில் நின்றார். "கிழமை தேவையில்லை மாமி. ஓம்" என்றேன். மாமிக்கு விளங்கவில்லை. "என்ன ஓம்?" என்றார். "ஜெசிந்தனுக்கு ஓம்" என்றேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார், பிறகு விடவேயில்லை. உங்கள் வீட்டுக்கு மாமி இப்போது எடுத்திருப்பார். எனக்கு முந்திச் சொல்லிவிட்டார் என்றால் மன்னியுங்கள், அவரோடு போட்டி போட யாராலும் முடியாது.

எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது. மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றபோது நீங்கள் சிரிக்காமல், முதலில் முழங்காலைப் பற்றிக் கேட்டீர்களே, அந்த நேரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மிச்ச நாள் எல்லாம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றது உங்களைப் பற்றியல்ல. எங்கே என்பதைப் பற்றித்தான்.

ஹனோவருக்கு வருவேன் என்று எழுதியிருந்தீர்கள். மலையை விட்டுவிட்டு இந்தத் தட்டை நிலத்துக்கு வருவேன் என்று சொன்ன அந்த வரியை நான் பத்திரமாக வைத்திருப்பேன். ஆனால் வர வேண்டாம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில், கெம்ப்டன் மருத்துவமனையில் தாதி வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது, நேர்முகத்துக்கு நாள் குறித்து டெர்மின் தந்திருக்கிறார்கள். அந்தக் கடிதம் வரும்வரைதான் உங்களுக்கு எழுதாமல் இருந்தேன். அம்மாவிடம் நேற்றுச் சொன்னேன். அழுதார், பிறகு அங்கே தமிழ்ப் பூசை எந்த ஊரில் என்று கேட்டார்.

ஸ்கீயை அனுப்ப வேண்டாம். ரயிலுக்கு நாங்கள் ஓடவில்லை. ரஞ்சினி அக்கா நிலையத்தில் கோப்பி குடித்துவிட்டுத்தான் ஏறினார். நான் மறந்துபோய் விட்டுவிட்டு வரவில்லை.

நடாலி